பறவைகளிலும் ஆடு, பூனை முதலிய விலங்குகளிலும் கிளமிடியா கண்காணிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால்நடை நோயறி ஆய்வகம் ஒன்றில் மாதிரிகளை வாங்கிப் பதிவு செய்யும் மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். புறா வளர்ப்பவர்கள், காக்கடீல் கிளி வியாபாரிகள், பட்டி ஆடு வைத்திருப்பவர்கள், புதிதாகப் பணியில் சேர்ந்த கால்நடை மருத்துவர்கள் என்று வருபவர் யாராக இருந்தாலும், கிளமிடியா பற்றிக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதிப் பதில்களைக் கீழே தந்திருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன; பிற்பகுதியில் உள்ளவை பெரும்பாலும் மருத்துவர்கள் கேட்டவை.

கிளமிடியா என்பது மனிதர்களுக்கு வரும் பால்வினை நோய்தானே? புறாவுக்கும் ஆட்டுக்கும் அது எப்படி வரும்?

மனிதருக்கு அந்தப் பெயரில் வரும் பால்வினை நோயை உண்டாக்குவது கிளமிடியா டிரக்கோமேட்டிஸ் என்ற ஓர் இனம். கண்ணிமையின் உட்புறத்தைத் தடிக்கச் செய்து நாளடைவில் பார்வையைப் பறிக்கும் டிரக்கோமாவும் அதனால் வருவதே. அதே குடும்பத்தில் வேறு பல இனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பழகிய விலங்குகள் உண்டு. கிளி, புறா, வாத்து, வான்கோழி ஆகியவற்றில் காணப்படுவது சிட்டாசி. செம்மறியிலும் வெள்ளாட்டிலும் கருச்சிதைவை, அதாவது குட்டி வீச்சை, உண்டாக்குவது அபார்ட்டஸ். பூனையின் கண்ணில் ஃபெலிஸ், கினிப்பன்றியின் கண்ணில் கேவியே, பன்றியில் சூயிஸ், மாடு, ஆடு, கோலா ஆகியவற்றில் பெக்கோரம் என்று பட்டியல் நீளும்.

பழகிய விலங்கை விட்டு அவை வெளியே போகாது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. சிட்டாசியும் அபார்ட்டஸும் மனிதருக்குத் தாவிக் கடும் நோயை உண்டாக்கக் கூடியவை. விலங்குகளில் இவற்றைக் கண்காணிப்பதற்கு முதல் காரணமும் அதுதான்.

இது வைரஸா, பாக்டீரியாவா? ஒரு மருத்துவர் ஒன்று சொல்கிறார், பழைய புத்தகம் வேறொன்று சொல்கிறது.

பாக்டீரியாதான். பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டிகளை ஊடுருவிச் சென்றதாலும், வழக்கமான ஊடகத் தட்டுகளில் வளராததாலும் 1930ஆம் ஆண்டு வாக்கில் இதை வைரஸ் என்றே கருதினார்கள். உயிருள்ள செல்லுக்கு வெளியே இது பெருகாது. செல்லை விட்டு வெளியே வரும்போது ஏறத்தாழ 0.3 மைக்ரோமீட்டர் அளவுள்ள, கெட்டியான, தொற்றக்கூடிய துகளாக இருக்கும். செல்லுக்குள் நுழைந்ததும் பெரிதாகி, பிளந்து பெருகி, மறுபடியும் துகள்களாக மாறிச் செல்லை உடைத்துக்கொண்டு வெளிவரும். இந்தச் சுற்று முடிய இரண்டு, மூன்று நாள்கள் ஆகும்.

இதில் கண்காணிப்புக்கு வேண்டிய பாடம் ஒன்று உள்ளது. சாதாரண பாக்டீரியா வளர்ப்புச் சோதனையில் 'வளர்ச்சி இல்லை' என்று முடிவு வந்தால், அது கிளமிடியாவைப் பற்றி எதையும் சொல்லவில்லை. இதை வளர்க்க உயிருள்ள செல்களோ, கருவுற்ற முட்டையின் மஞ்சள்கருப் பையோ, அவற்றுடன் உயர் பாதுகாப்பு ஆய்வகமும் தேவை. அதனால்தான் இன்று பெரும்பாலான வேலை பிசிஆர் என்ற மரபணுச் சோதனையால் நடக்கிறது.

என் பறவைகள் நன்றாகத் தின்கின்றன, நன்றாகப் பறக்கின்றன. அப்புறம் எதற்குப் பரிசோதனை?

நோய்க்குறி ஏதுமின்றிப் பல மாதங்கள் இந்தக் கிருமியைச் சுமந்து திரியும் பறவைகள் உண்டு. நெருக்கமான கூண்டு, நீண்ட பயணம், முட்டையிடும் பருவம், தீவன மாற்றம், குளிர் இவற்றில் ஏதாவது ஒன்று பறவையை வாட்டும்போது கிருமி எச்சத்திலும் மூக்கு நீரிலும் வெளியேறத் தொடங்கும். வெளிநாட்டிலிருந்து வந்து சந்தையில் நான்கு கை மாறிய கிளிக்கு இவை எல்லாமே ஒன்றாக நேர்கின்றன.

1879இல் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் என்ற ஊரில் ஒரே வீட்டோடு தொடர்புடைய ஏழு பேருக்கு விசித்திரமான நுரையீரல் காய்ச்சல் வந்து மூவர் இறந்தனர். யாக்கோப் ரிட்டர் என்ற மருத்துவர் அந்த வீட்டில் இருந்த கூண்டுப் பறவைகளோடு அதைத் தொடர்புபடுத்தினார். 1929–30இல் தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறிய கிளிகள் வழியே நோய் பல நாடுகளுக்குப் பரவியது. அமெரிக்காவில் மட்டும் 169 பேர் நோயுற்று 33 பேர் இறந்ததாகப் பதிவாகியுள்ளது. கடையில் விலை பேசியபோது அந்தக் கிளிகளில் பல நன்றாகத்தான் இருந்தன.

எந்த அறிகுறியைப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டும்?

பறவையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கியிருப்பது, இளைப்பது, கண்ணில் நீர் வடிந்து இமை ஒட்டுவது, மூக்கொழுகல், மூச்சுத் திணறல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எச்சத்தில் வழக்கமாக வெள்ளையாக இருக்கும் பகுதி எலுமிச்சைப் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறினால் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கலாம். இறந்த பறவையை அறுத்துப் பார்த்தால் கல்லீரலும் மண்ணீரலும் பெருத்திருக்கும். காற்றுப்பைகள் கலங்கித் தடித்திருக்கும். ஆனால் இவற்றில் ஒன்றுகூடக் கிளமிடியாவுக்கு மட்டும் உரியதல்ல.

ஆட்டில் சினையின் கடைசி இரண்டு மூன்று வாரங்களில், பார்வைக்குப் புத்தம்புதிதாக, அழுகாமல் இருக்கும் குட்டியை வீசுவதுதான் முக்கியக் குறி. தாயிடம் முன்னதாக வேறு எந்த மாற்றமும் பெரும்பாலும் தெரிவதில்லை. பூனையில் ஒரு கண்ணில் தொடங்கி மறு கண்ணுக்கும் பரவும் நீடித்த கண்வீக்கம். ஆட்டுக்குட்டிகளில் பெக்கோரத்தால் வரும் மூட்டு வீக்கமும் நொண்டலும்.

ஒரு கவரில் எச்சத்தைப் போட்டுக் கொண்டுவந்தால் போதாதா? எதற்குக் குச்சி, குழாய் எல்லாம்?

எச்சம் பயன்படும், ஆனால் கொண்டுவரும் விதம் சரியாக இருக்க வேண்டும். உயிருள்ள பறவையில் கண்ணிமையின் உட்புறம், வாய்க்குள் மேலண்ணத்தில் தெரியும் பிளவு, எச்சத்துவாரம் ஆகிய மூன்று இடங்களிலும் குச்சியால் துடைத்து ஒரே குழாயில் சேர்த்துத் தருவதே சிறந்தது. கிருமி செல்லுக்குள் வாழ்வதால் வெறும் சளியோ எச்சமோ குச்சியில் ஒட்டினால் போதாது, செல்கள் ஒட்ட வேண்டும். குச்சியால் வெறுமனே தொட்டு எடுக்காமல் மெல்ல அழுத்திச் சுழற்றி எடுக்க வேண்டும் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். மரக்குச்சியில் பஞ்சு சுற்றியதைத் தவிர்த்து, பிளாஸ்டிக் காம்பும் செயற்கை இழை முனையும் கொண்டதைப் பயன்படுத்துங்கள். மரத்திலிருந்து ஊறும் பொருள்கள் சோதனையைக் கெடுக்கக்கூடும்.

மே மாதத்தில் ஒருவர் 12 குழாய்களை ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் வைத்து மூன்று மணி நேரம் ஓட்டி வந்தார். குழாய்களின் மூடிக்குள் ஆவி படிந்திருந்தது. பெயர்ச்சீட்டுகளில் இருந்த பேனா மை கரைந்து ஐந்து எண்களைப் படிக்கவே முடியவில்லை. ஐஸ் பெட்டியும் பென்சிலும் இருந்திருந்தால் அந்த 12 பறவைகளை மறுபடியும் பிடித்திருக்க வேண்டியதில்லை. வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவதானால் இன்னும் கவனம் வேண்டும்: சர்க்கரையும் பாஸ்பேட்டும் கொண்ட தனி ஊடகத்தில் குளிர வைத்து உடனே அனுப்ப வேண்டும், பாக்டீரியாவுக்கான வழக்கமான ஊடகம் உதவாது.

நெகட்டிவ் என்று தாள் வந்துவிட்டது. இனி நிம்மதியாக இருக்கலாம் அல்லவா?

இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கினேன். அந்தத் தாள், 'இந்த நாளில், இந்த இடத்திலிருந்து, இந்தக் குச்சியில் எடுத்த மாதிரியில் கிருமியின் மரபணு தென்படவில்லை' என்று மட்டும் சொல்கிறது. பறவைக்குத் தொற்று இல்லை என்று அது சொல்லவில்லை. தொற்றுள்ள பறவை எல்லா நாளும் கிருமியை வெளியேற்றுவதில்லை, விட்டுவிட்டுத்தான் வெளியேற்றும்.

ஒரு கணக்காகப் பார்ப்போம். தொற்றுள்ள ஒரு பறவை இரண்டு நாளுக்கு ஒரு நாள்தான் கிருமியைக் கழிக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரே நாள் எடுத்த மாதிரி பாதிக்குப் பாதி தவறவிடும். மூன்று தனித்தனி நாள்களில் எடுத்தால் தவறும் வாய்ப்பு எட்டில் ஒன்று. ஐந்து நாள் என்றால் 32இல் ஒன்று. உண்மையில் கழிக்கும் நாள்கள் கொத்தாக வருவதால் கணக்கு இவ்வளவு சுத்தமாக அமையாது. ஆயினும் மூன்று முதல் ஐந்து நாள்கள் வரை எச்சத்தைச் சேர்த்து ஒரே மாதிரியாகச் சோதிக்கும் வழக்கம் இந்தக் காரணத்தால்தான் வந்தது. வேறு நோய்க்காகக் கொடுத்த டாக்சிசைக்ளினோ என்ரோஃப்ளாக்சசினோ உடலில் இருக்கும்போது எடுத்த மாதிரியும் பொய்யாக நெகட்டிவ் காட்டலாம். கடைக்காரர் புதுப் பறவையின் குடிநீரில் 'சும்மா ஒரு பாதுகாப்புக்கு' மருந்து கலந்திருப்பார். அதைக் கேட்டு எழுதாமல் மாதிரி எடுப்பதில் பயனில்லை.

என்னிடம் 200 புறாக்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் சோதிக்கக் கட்டுப்படியாகாது. எத்தனை போதும்?

எந்தப் புறாவுக்குத் தொற்று என்று தெரிய வேண்டுமா, கூட்டத்தில் தொற்று இருக்கிறதா என்று மட்டும் தெரிய வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். முதலாவதற்குக் குறுக்கு வழி கிடையாது. ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். இரண்டாவதற்குக் கணக்கு உதவும். மிகப் பெரிய கூட்டத்தில் 100க்கு 10 பறவைகளுக்குத் தொற்று இருந்தால், 29 பறவைகளைக் குலுக்கல் முறையில் எடுத்துச் சோதிக்கும்போது குறைந்தது ஒன்றாவது அகப்படும் வாய்ப்பு 95 சதவீதம். தொற்று 100க்கு 5 என்றால் 59 பறவைகள் வேண்டும். 100க்கு 1 என்றால் 299. உங்கள் 200இல் பத்துப் புறாக்களுக்குத் தொற்று என்று கொண்டால் ஏறத்தாழ 51 போதும்.

இவை எல்லாம் சோதனை ஒருபோதும் தவறாது என்ற கற்பனையில் வந்த எண்கள். முந்தைய பதிலில் சொன்னபடி பாதி நாள்தான் கிருமி வெளிவரும் என்றால் 59 என்பது 119 ஆகிவிடும். 20 பறவைகள் மட்டும் வைத்திருப்பவர் இந்தக் கணக்கில் இறங்கவே வேண்டாம்: அவற்றில் ஒன்றுக்குத்தான் தொற்று என்றால், 95 சதவீத உறுதிக்கு 19ஐச் சோதிக்க வேண்டியிருக்கும், இருபதையும் சோதித்துவிடுவதே நேர்வழி. இன்னொன்று: கைக்கு எட்டும் பறவைகளையே பிடித்துத் தருவது குலுக்கல் ஆகாது. சோர்ந்தவை எளிதில் பிடிபடும், திடமானவை தப்பிவிடும். எண்ணிக்கை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

எச்சத்தில் இல்லை என்கிறார்கள், ரத்தத்தில் இருக்கிறது என்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம், இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். பிசிஆர் கிருமியைத் தேடுகிறது. எலைசா போன்ற ரத்தச் சோதனைகள், உடல் அந்தக் கிருமியை எப்போதாவது சந்தித்ததற்குச் சாட்சியான எதிர்ப்பொருளைத் தேடுகின்றன. ரத்தத்தில் தென்பட்டு எச்சத்தில் இல்லையென்றால், பழைய தொற்று ஆறிப்போயிருக்கலாம், அல்லது கிருமி உள்ளே பதுங்கி இன்று வெளிவராமல் இருக்கலாம். எச்சத்தில் தென்பட்டு ரத்தத்தில் இல்லையென்றால், தொற்று புதியது என்றும் உடல் இன்னும் எதிர்ப்பொருளைத் திரட்டவில்லை என்றும் ஊகிக்கலாம்.

ஒரே ரத்த மாதிரியை வைத்துத் தீர்ப்புச் சொல்வதைவிட, இரண்டு மூன்று வார இடைவெளியில் இரண்டு மாதிரிகள் எடுத்து அளவு நான்கு மடங்கு உயர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது மேல். ரத்தச் சோதனைகள் சில, குடும்பத்துக்கே பொதுவான ஒரு பொருளைத்தான் அடையாளம் காண்கின்றன. ஆட்டில் குடலோடு நின்றுவிட்ட பெக்கோரத் தொற்றும் அபார்ட்டஸ் போலத் தோற்றமளிக்கும். காம்ப்ளிமெண்ட் ஃபிக்சேஷன் என்ற பழைய ரத்தச் சோதனை இந்தக் குழப்பத்துக்குப் பேர்போனது.

ஆடு குட்டி வீசிவிட்டது. எதை எடுத்து வர வேண்டும்?

நஞ்சுக்கொடியை எடுத்து வாருங்கள். வீசிய குட்டியை மட்டும் கொண்டுவந்துவிட்டுக் கொடியைக் குழியில் போட்டு மூடிவிடுவதுதான் பொதுவாக நடக்கிறது. ஆனால் கிருமி மண்டிக் கிடப்பது கொடியில்தான். கொடியில் பொத்தான்போல் இருக்கும் முடிச்சுகள் கருஞ்சிவப்பாகவும், அவற்றுக்கு இடையே உள்ள சவ்வு தோல்போலத் தடித்து அழுக்கு மஞ்சள் படிந்தும் இருந்தால் அந்தப் பகுதியையே வெட்டித் தர வேண்டும். மண்ணும் வைக்கோலும் ஒட்டிய கொடியை அலச வேண்டாம். கொடி கிடைக்கவில்லையென்றால் ஒரு நாளுக்குள் தாயின் பிறப்புறுப்பில் குச்சியால் எடுத்த மாதிரியும், குட்டியின் நுரையீரல், கல்லீரல், இரைப்பை நீர் ஆகியவையும் உதவும். இரண்டு கையுறைகள், முகக்கவசம், கொதிநீரில் போடக்கூடிய உடை ஆகியவை இல்லாமல் தொடாதீர்கள். கர்ப்பிணிகள் அந்தப் பக்கம் வரவே கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

கொடியைக் கண்ணாடித் தகட்டில் ஒற்றி, மாற்றியமைத்த சீல்–நீல்சன் முறையில் சாயமேற்றினால் கிளமிடியா சிவந்த புள்ளிக் கூட்டமாகத் தெரியும். கியூ காய்ச்சலை உண்டாக்கும் காக்ஸியெல்லாவும் அதே மாதிரிச் சிவந்த புள்ளிகளாகத்தான் தெரியும். குட்டி வீசச் செய்யும் புரூசெல்லா என்ற பாக்டீரியாவும் மறக்கக் கூடாத ஒன்று. ஆகவே தகட்டைப் பார்த்துச் சொல்லும் முடிவு ஒரு துப்பு. பிசிஆர்தான் உறுதி செய்யும். மூன்றுக்கும் சேர்த்துச் சோதிக்கும்படி படிவத்தில் எழுதிக் கேளுங்கள்.

வீசிய ஆட்டை விற்றுவிட்டால் பட்டி சுத்தமாகிவிடுமா?

ஆகாது, பல நேரங்களில் விற்பது பிரச்சினையைப் பக்கத்து ஊருக்கு அனுப்புவதாகவே முடிகிறது. ஓர் ஆடு வீசியதும் அதன் கொடியிலும் கசிவிலும் கோடிக்கணக்கில் கிருமிகள் கொட்டில் தரையில் சிந்தும். அதை முகர்ந்து, நக்கி, அந்தத் தரையிலேயே மேய்ந்த மற்ற ஆடுகளுக்குத் தொற்று ஏறும். அப்போது சினையின் கடைசி வாரங்களில் இருந்தவை அந்த ஈற்றில் பெரும்பாலும் வீசுவதில்லை. குட்டியைச் சரியாக ஈன்றுவிட்டுக் கிருமியைப் பதுக்கி வைத்துக்கொண்டு அடுத்த ஈற்றில் வீசும். முதல் ஆண்டில் ஒன்றிரண்டும் அடுத்த ஆண்டில் வரிசையாகவும் வீசுவதற்கு இதுவே விளக்கம்.

பதுங்கியிருக்கும் இந்தக் கட்டத்தில் எந்தச் சோதனையும் நம்பகமாக அதைக் காட்டித் தராது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் உயர்வது பெரும்பாலும் வீசிய பிறகே. ஆகவே ஆட்டுப் பட்டியில் கண்காணிப்பு என்பது ஈற்றுக் காலத்தில் வீசிய ஒவ்வோர் ஆட்டையும் தனியே கட்டி, கொடியைச் சோதனைக்கு அனுப்பி, தேதியோடு குறித்து வைப்பதுதான். வீசிய செம்மறி மறுபடியும் வீசுவது அரிது, அதை வைத்துக்கொள்ளலாம். வாங்கும்போது விசாரிக்க வேண்டியது, அந்தப் பட்டியில் சென்ற ஆண்டு வீச்சு இருந்ததா என்பதை.

ஐந்து நாள் மருந்து கொடுத்தேன், கிளி தெளிந்துவிட்டது. நிறுத்திவிட்டேன். சரிதானே?

தெளிந்தது உண்மை, கிருமி போனது உண்மையா என்பது வேறு. பெருகும் வடிவத்தில் இருக்கும்போதுதான் மருந்து கிருமியைத் தாக்க முடியும்; பதுங்கியிருப்பதைத் தொடுவதில்லை. அதனால்தான் பறவைகளுக்கு டாக்சிசைக்ளினை 45 நாள்கள் கொடுப்பது நெடுங்கால மரபாக இருக்கிறது. சில சிறு கிளி வகைகளுக்கு 30 நாள் போதும் என்ற ஆய்வுகள் உண்டு. அந்த முடிவைப் பறவை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். மருந்துக் காலத்தில் கணவாய் ஓடு, சுண்ணாம்புக் கட்டி போன்றவற்றைக் கூண்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொண்டு குடலில் உறிஞ்சவிடாது. மருந்து பலிக்கவில்லை என்று வந்தவர்களில் சிலரின் கூண்டில் கணவாய் ஓடு தொங்குவதைப் படத்தில் பார்த்திருக்கிறேன்.

மருந்து முடிந்த மறுநாளே மறுசோதனைக்கு வராதீர்கள். குறைந்தது இரண்டு மூன்று வாரம் கழித்து, மேலே சொன்னபடி பல நாள் மாதிரியாகத் தாருங்கள். பன்றி வளர்ப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு: சூயிஸ் இனத்தில் மட்டும், டாக்சிசைக்ளின் அடங்கிய டெட்ராசைக்ளின் மருந்து வகையை எதிர்க்கும் மரபணு பரவியிருக்கிறது. அங்கே இனம் எது என்று அறிவதோடு, மருந்து வேலை செய்யுமா என்றும் பார்க்க வேண்டும்.

வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள். புறாக்கூண்டைப் பற்றி அவ்வளவு பயப்பட வேண்டுமா?

ஆட்டுப் பட்டியைப் பற்றித்தான் முதலில் பயப்பட வேண்டும். அபார்ட்டஸ் ஆட்டின் கருவைத் தாக்குவதுபோலவே பெண்ணின் கருவையும் தாக்கும். கரு இழப்பும் தாய்க்கு உயிராபத்தும் பதிவாகியுள்ளன. ஈற்றுக் காலத்தில் கர்ப்பிணி கொட்டிலுக்குள் போகக் கூடாது. அங்கே வேலை செய்தவரின் அழுக்குத் துணியையும் துவைக்கக் கூடாது. பறவையிலிருந்து வரும் சிட்டாசியும் கர்ப்பக் காலத்தில் கடுமையாக இருக்கும். 1930களில் வட அட்லாண்டிக் கடலிலுள்ள பாரோ தீவுகளில் ஃபுல்மார் என்ற கடற்பறவையை உணவுக்காகப் பிடித்து, இறகு பறித்த பெண்களிடையே இந்த நோய் பரவி, கர்ப்பிணிகளில் பலர் இறந்தனர்.

கிருமி உலர்ந்த எச்சத்தூளில் பல மாதங்கள் பிழைத்திருக்கும். மூச்சோடு உள்ளே போவதுதான் முக்கிய வழி. ஆகவே கூண்டை உலர்ந்த நிலையில் பெருக்காதீர்கள். முதலில் நீரோ கிருமிநாசினியோ தெளித்து நனைத்து, பிறகு வழித்தெடுங்கள். ஒரு பங்கு பிளீச்சிங் கரைசலுக்கு 32 பங்கு நீர் என்ற அளவு போதும். எச்சம் தடித்துக் கிடக்கும்போது அதன் மேல் ஊற்றினால் பலிக்காது, வழித்த பிறகே ஊற்ற வேண்டும். ஐந்து முதல் பதினான்கு நாள்களுக்குள் கடும் தலைவலியும் காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், 'நான் பறவை வளர்க்கிறேன்' என்று மருத்துவர் கேட்கும் முன்பே சொல்லுங்கள். நுரையீரல் காய்ச்சலுக்கு வழக்கமாகத் தொடங்கும் பென்சிலின் வகை மருந்துகள் இதற்குப் போதாது. மருந்துகளுக்கு முந்தைய காலத்தில் 100க்கு 15 முதல் 20 பேர் வரை இறந்த நோய் இது. சரியான மருந்து உரிய நேரத்தில் கிடைத்தால் இன்று இறப்பு 100க்கு ஒன்றுக்கும் குறைவு.

பாசிட்டிவ் வந்தால் எல்லாப் பறவைகளையும் கொன்றுவிடுவார்கள் என்கிறார்களே?

பறவைக் காய்ச்சலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வதால் வரும் அச்சம் இது. இது மருந்தால் கட்டுப்படும் பாக்டீரியா நோய். பறவைக் கிளமிடியாவும் ஆட்டுக் கருச்சிதைவுக் கிளமிடியாவும் உலக விலங்கு நல அமைப்பின் பட்டியலில் உள்ளன. ஆனால் பட்டியலில் இருப்பது கொல்லும் ஆணை ஆகாது. பாசிட்டிவ் வந்த பறவையைப் பிரித்து வைப்பது, மருந்து, கூண்டுச் சுத்தம், பறவையைத் தொட்டவர்களின் பட்டியல், விற்பனையை நிறுத்தி வைத்தல் ஆகிய ஐந்தும்தான் வழக்கமான வேலை.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். நம் பச்சைக்கிளிகளைப் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் தேவையானது. ஆனால் அந்த அச்சத்தால் நோயுற்ற நாட்டுக்கிளி எதுவும் எங்கள் மேசைக்கு வருவதில்லை. அதை வளர்த்தவர் இருமலோடு வேறு மருத்துவமனைக்குப் போகிறார்.

காட்டு விலங்குகளில் யார், எப்படிக் கண்காணிக்கிறார்கள்?

இதற்கு ஆஸ்திரேலியாவின் கோலாதான் நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு. பெக்கோரம் தொற்றிய கோலாவுக்குக் கண் சிவந்து வீங்கிப் பார்வை போகும். சிறுநீர்ப்பை புண்ணாகிப் பின்புறம் ஈரமாகவும் பழுப்புக் கறையோடும் இருக்கும். பெண் கோலாக்கள் மலடாகும். மரத்தில் இருக்கும்போதே தொலைநோக்கியால் பின்புறக் கறையைப் பார்த்து முதல் கட்ட வடிகட்டல் நடக்கும். பிடித்த விலங்குகளில் கண்ணிலும் பிறப்புறுப்பிலும் குச்சி மாதிரி எடுத்துப் பிசிஆர் செய்வார்கள். கறை இல்லாத கோலாவுக்கும் தொற்று இருக்கக்கூடும் என்பதால் இரண்டும் வேண்டும்.

மருந்து இங்கே ஒரு சிக்கல். யூகலிப்டஸ் இலையைச் செரிக்க உதவும் குடல் பாக்டீரியாக்களையும் மருந்து அழித்துவிடுவதால், தொற்று நீங்கியும் கோலா பட்டினியால் சாகலாம். குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், ஆஸ்திரேலியத் தலைநகர்ப் பகுதி ஆகியவற்றில் கோலா அழியும் நிலையில் உள்ள இனம் என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. 2025இல் கோலாவுக்கான கிளமிடியாத் தடுப்பூசிக்கு அந்நாட்டு ஒப்புதல் கிடைத்தது.

தடுப்பூசி போட்ட செம்மறி மந்தையில் வீசிய ஆட்டின் கொடியில் பாசிட்டிவ். ஊசி பலிக்கவில்லையா, ஊசியே காரணமா?

ஐரோப்பாவில் புழங்கும் உயிர்த் தடுப்பூசி, 1பி என்ற வலுக்குறைத்த அபார்ட்டஸ் வகை. சாதாரண பிசிஆர் அதையும் இயல்பாகப் பரவும் கிருமியையும் பிரித்துச் சொல்லாது. குறிப்பிட்ட மரபணு மாற்றங்களைப் பார்க்கும் தனிச் சோதனை வேண்டும். அதைச் செய்தபோது வீசிய சில ஆடுகளின் கொடியில் தடுப்பூசி வகையே கிடைத்திருக்கிறது. அப்படி நிகழ்வது குறைவு. போடாமல் விடும் இழப்போடு ஒப்பிட்டால் ஊசியே மேல். ஏற்கெனவே கிருமி பதுங்கியிருக்கும் ஆட்டுக்கு ஊசி போட்டாலும் அது வீசக்கூடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஊசி போட்ட தேதி இல்லாமல் வரும் மாதிரிக்கு எங்களால் பாதிப் பதில்தான் தர முடியும்.

கோழியில் 'கிளமிடியா பாசிட்டிவ்' என்று வந்தது. சிட்டாசி என்று அறிக்கை எழுதலாமா?

எழுதாதீர்கள். முதல் கட்டப் பிசிஆர் பெரும்பாலும் குடும்பத்தை மட்டும் அடையாளம் காட்டுகிறது. 2014இல் கோழியினப் பறவைகளில் கேலினேசியா, புறா, கிளிகளில் ஏவியம் என்று இரண்டு புதிய இனங்கள் முறைப்படி விவரிக்கப்பட்டன. கோழியில் கிடைப்பது பல இடங்களில் கேலினேசியாவாக இருக்கிறது. அதற்காகக் கோழியில் சிட்டாசியே வராது என்றும் எண்ணக் கூடாது: 2018இல் அமெரிக்காவின் வர்ஜீனியா, ஜார்ஜியா மாநிலங்களில் கோழி பதப்படுத்தும் ஆலைகளின் தொழிலாளர்களுக்குச் சிட்டாசி நோய் பரவியது. இரண்டாம் கட்டச் சோதனையில் இனத்தை உறுதி செய்த பிறகே அறிக்கை போக வேண்டும்.

பழைய அறிக்கைகளோடு ஒப்பிடும்போது பெயர்களிலும் எச்சரிக்கை தேவை. 1999இல் குடும்பத்தைப் பிரித்துப் பல இனங்களைக் கிளமிடோஃபிலா என்ற பேரினத்தில் வைத்தார்கள். பின்னர் அனைத்தையும் மறுபடியும் கிளமிடியாவிலேயே சேர்த்துவிட்டார்கள். 1999க்கு முந்தைய தாள்களில் ஆட்டின் அபார்ட்டஸும் பூனையின் ஃபெலிஸும்கூடச் 'சிட்டாசி' என்றே இருக்கும்.

வீட்டுக்காரருக்குச் சிட்டாசி உறுதியானது. அவருடைய பறவைகள் எல்லாமே நெகட்டிவ். அப்படியானால் பறவை காரணமில்லை என்று எழுதலாமா?

நெகட்டிவ் பற்றிய பதிலை மறுபடியும் படித்துவிட்டு, பறவைகளுக்கு மருந்து கொடுக்கப்பட்டதா என்று முதலில் கேளுங்கள். பிறகு வீட்டுக்கு வெளியே பாருங்கள். ஆஸ்திரேலியாவில் கூண்டுப் பறவையே இல்லாத பலருக்கு இந்த நோய் வந்தபோது, காட்டுக் கிளிகளின் எச்சம் விழுந்த புல்தரையைப் புல்பிடிப்பான் இல்லாத இயந்திரத்தால் வெட்டியது தொடர்புடையதாகத் தெரிந்தது. 2014இல் நியூ சவுத் வேல்ஸில் குதிரையின் நஞ்சுக்கொடியைக் கையாண்ட கால்நடை மருத்துவ மாணவர்களும் பணியாளர்களும் சிட்டாசியால் நோயுற்றனர். அதுவரை பறவையை மட்டுமே விசாரித்துப் பழகியவர்கள் கேள்வித்தாளையே மாற்ற வேண்டியதாயிற்று. அரிதாக மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியதும் உண்டு. 2013இல் சுவீடனில் ஒரு நோயாளியிடமிருந்து அவரைக் கவனித்தவர்களுக்குத் தொற்றியது.

மனித மாதிரியிலும் பறவை மாதிரியிலும் கிருமி கிடைத்தால், அதன் வெளிச்சவ்வு மரபணுவைப் படித்து இரண்டும் ஒரே வகையா என்று ஒப்பிடலாம். கிளிகளில் ஏ வகையும் புறாக்களில் பி வகையும் மிகுதி. பறவையில் கிருமியே கிடைக்காதபோது ஒப்பிட ஒன்றும் இல்லை. அந்த நிலையில் நான் கூண்டுகளின் எண்ணிக்கையைக் கேட்பேன், பிறகு பறவைகளின் எண்ணிக்கையைக் கேட்பேன். ஒருவர் ஆறு கூண்டு என்றார், ஐந்து பறவை என்றார். ஆறாவது எங்கே என்றதற்கு, இளைத்துக்கொண்டே போனதால் மூன்று வாரத்துக்கு முன் ஒரு நண்பருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். மாதிரி எடுக்க வேண்டிய பறவை அந்த நண்பர் வீட்டில் இருந்தது.